நின்றும் கிடந்தும்: ரைபிள் சுடுதலில் உடல்நிலைகளின் வரலாறு (1798–1914)

ஆய்வுச்சுருக்கம்

ரைபிளைக் குறிபிசகாமல் சுடுவதற்கு நிற்றல், முழந்தாளிடுதல், குப்புறப் படுத்தல் என்னும் மூன்று உடல்நிலைகள் இன்று உலகெங்கும் பயிற்றுவிக்கப்படுகின்றன. இவற்றுள் படுத்த நிலையே மிகுந்த உறுதியுடையது. எனினும் பிரித்தானியப் படை அந்நிலையைத் தன் காலாள் வீரரின் முதன்மைச் சுடுநிலையாக ஏற்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. பின்புறத்தில் தோட்டா நிரப்பும் துப்பாக்கியின் வருகையே இம்மாற்றத்துக்குக் காரணம் என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். 1798 முதல் 1914 வரையிலான நிகழ்வுகளைக் கொண்டு அவ்விளக்கத்தின் போதாமையை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. உடல்நிலை பற்றிய அறிவு கருவிக்கு முன்பே இருந்தது; கருவி வந்த பின்னரும் அவ்வறிவு பொதுவீரனுக்கு உரியதாகவில்லை. தனிவீரன் தானே குறிபார்த்துத் தானே சுடத் தக்கவன் என்ற நம்பிக்கை படைத்தலைமையிடம் உருவான பின்னரே படுத்த நிலை முதன்மை பெற்றது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: ரைபிள், உடல்நிலை, காலாட்படை, அணிவேட்டு, ஹைத் பள்ளி, கிரீட்மூர், போயர் போர்.

முன்னுரை

எறிபடைக் கருவியைக் கையாள்வோனின் உடல் எவ்வாறு நிற்க வேண்டும் என்பது மிகப் பழைய வினா. தமிழ் நிகண்டுகளும் உரைகளும் வில்லாளியின் நிலைகளைப் பைசாசம், மண்டலம், ஆலீடம், பிரத்தியாலீடம் என நான்காகப் பகுத்துள்ளன. கால்களின் இருப்பையும் முழங்காலின் மடிப்பையும் கொண்டு அமைந்த அப்பகுப்பு, குறி தவறாமைக்குக் கண்ணும் கையும் மட்டும் போதா, உடல் முழுவதும் ஒழுங்குபெற வேண்டும் என்ற தெளிவின் வெளிப்பாடாகும். 'நிலை' என்னும் சொல்லே அங்குக் கலைச்சொல்லாக வழங்கியுள்ளது.

வில்லின் இடத்தைத் துப்பாக்கி பெற்றபோது இவ்வினா வேறு வடிவில் எழுந்தது. வில்லைப் படுத்துக்கொண்டு எய்தல் அரிது. துப்பாக்கியைப் படுத்துக்கொண்டும் சுடலாம். அவ்வாறு சுடுவதே உறுதியானது என்பதும் விரைவில் அறியப்பட்டது. எனினும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பியக் காலாள் வீரன் பெரும்பாலும் நின்றோ முழந்தாளிட்டோதான் சுட்டான். அறிந்த ஒன்றை ஒரு நிறுவனம் நூறாண்டுகளாக நடைமுறைப்படுத்தாமல் இருந்ததற்கான காரணங்கள் ஆய்வுக்குரியன. இக்கட்டுரை பிரித்தானியப் படையை முதன்மைச் சான்றாகக் கொண்டு, பிறநாட்டு நிகழ்வுகளை ஒப்பீட்டுக்காக மட்டும் எடுத்துக்கொள்கிறது.

1. உடல்நிலையின் அடிப்படைகள்

வரலாற்றைத் தொடர்வதற்கு முன் மூன்று நிலைகளின் இயல்பைச் சுருக்கமாக அறிதல் இன்றியமையாதது. ரைபிள் குழலின் திசையில் நேரும் மிகச் சிறு பிசகும் தொலைவில் பெருகும். ஒரு மீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் என்ற அளவில் குழல் விலகினால், 300 மீட்டர் தொலைவில் குண்டு 30 சென்டிமீட்டர் விலகிப் படும். ஏறத்தாழ 4 கிலோ எடையுள்ள கருவியை ஏந்திய உடலோ ஒருபோதும் முற்றிலும் அசைவற்று இருப்பதில்லை. தசைநடுக்கம், மூச்சு, இதயத்துடிப்பு, உடலின் மெல்லிய ஊசலாட்டம் ஆகிய நான்கும் குழலை இடைவிடாது அசைக்கின்றன. உடல்நிலை என்பது இந்நான்கையும் குறைப்பதற்கான ஏற்பாடு.

அவ்வேற்பாடு மூன்று கொள்கைகளின்மேல் அமைகிறது. முதலாவது, கருவியின் எடையைத் தசை தாங்காமல் எலும்பு தாங்க வேண்டும். தசை சோர்வுறும், எலும்பு சோர்வுறாது. இடமுழங்கை ரைபிளுக்கு நேர் கீழே அமைய வேண்டும் என்று பயிற்சியாளர் வலியுறுத்துவது இதனாலேயே. இரண்டாவது, உடலின் எடைமையம் தாழ்ந்தும் தரையைத் தொடும் பரப்பு அகன்றும் இருக்க வேண்டும். மூன்றாவது, தசைகளைத் தளர்த்திய நிலையிலும் குழல் தானாகவே இலக்கை நோக்கியிருக்க வேண்டும். அவ்வாறு இல்லையெனில் கையால் குழலைத் திருப்பாமல், உடல் முழுவதையும் நகர்த்தி அமைத்தல் வேண்டும். கையால் திருப்பப்பட்ட குழல், விசை இழுபடும் நொடியில் தன் பழைய திசைக்கே மீளும்.

இக்கொள்கைகளை மூன்று நிலைகளும் வெவ்வேறு அளவில் நிறைவு செய்கின்றன. நின்ற நிலையில் இரு பாதங்களே தாங்கல். எடைமையமும் உயரத்தில் உள்ளது. முழந்தாளிட்ட நிலையில் வலக்காலின் குதிகால் உடலின் எடையை ஏற்கிறது. இடமுழங்கை இடமுழங்காலின்மேல் தங்குகிறது. முழங்கையின் முனையை முழங்கால் சில்லின்மேல் வைத்தால் உருண்டையின்மேல் உருண்டை வைத்ததுபோல் வழுக்கும். ஆகலின் முனைக்குச் சற்று மேலுள்ள தட்டையான பகுதியை வைப்பதே முறை. படுத்த நிலையில் இரு முழங்கைகள், மார்பு, வயிறு, கால்கள் அனைத்தும் தரையைத் தொடுகின்றன. எடைமையம் மண்ணோடு ஒட்டிவிடுகிறது. துப்பாக்கியின் தோல்வாரை இடப்புயத்தில் சுற்றி இறுக்கினால் முன்கைத் தசைக்கும் வேலை குறைகிறது.

படுத்த நிலைக்கும் குறைகள் உண்டு. புல்லும் மேட்டுநிலமும் இலக்கை மறைக்கும். எழுந்து முன்னேறுவதற்கு நேரம் பிடிக்கும். பக்கவாட்டில் திரும்புதல் கடினம். நின்றவன் தொலைவு வரை காண்பான், விரைந்து நகர்வான், ஆனால் குழல் ஆடும். ஆகவே உடல்நிலைத் தேர்வு என்பது உறுதி, பார்வை, இயக்கம் ஆகிய மூன்றுக்கும் இடையிலான பேரம் என்று கூறலாம். 19-ஆம் நூற்றாண்டில் இப்பேரத்தில் நான்காவதாக மற்றொன்றும் இடம்பெற்றிருந்தது. அதுவே கட்டுப்பாடு.

2. மஸ்கட்டும் நின்ற வரிசையும்

18-ஆம் நூற்றாண்டுக் காலாள் வீரனின் கருவி, உட்குழல் வழவழப்பான மஸ்கட் துப்பாக்கி. அதன் குண்டு குழலினும் சற்றுச் சிறியது. ஆகலின் வெளிவரும் திசை உறுதியற்றது. நூறு கெஜத்துக்கு அப்பால் ஒரு தனிமனிதனைக் குறிவைத்துச் சுடுதல் பயனற்றதாகவே கருதப்பட்டது. எனவே படைகள் துல்லியத்தை நாடாமல் எண்ணிக்கையை நாடின. தோளோடு தோள் உரச நின்ற வரிசை, கட்டளை கேட்டதும் ஒருசேரச் சுட்டது. இதனை அணிவேட்டு எனலாம்.

மருந்திடும் முறையும் நிற்றலையே வேண்டியது. வீரன் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்து, வெடிமருந்தைக் குழல்வாய் வழியாகக் கொட்டி, குண்டை இட்டு, நீண்ட கோலால் இடித்து இறக்க வேண்டும். குழல் நிமிர்ந்திருந்தால்தான் மருந்து கீழிறங்கும். நல்ல பயிற்சி பெற்றவன் நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டான். படுத்துக்கொண்டு இத்தனையும் செய்வது இயலாதது அன்று. ஆனால் மிக மெதுவாகவே நடக்கும்.

இக்காலத்தில் படைகள் படுத்தலை அறியாதிருந்தன என்று கொள்ளுதல் பிழை. 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் வெலிங்டன் தம் காவற்படையினரை மேட்டின் பின்சரிவில் படுத்திருக்கச் செய்தார். பிரெஞ்சுப் படை அண்மையில் வந்ததும் அவர்கள் கட்டளையின்பேரில் எழுந்து நின்று சுட்டனர். மறைவதற்குப் படுத்தலும் சுடுவதற்கு நிற்றலும் என்ற பிரிவினை இந்நிகழ்வில் தெளிவாகப் புலப்படுகிறது. படுத்த உடல் காக்கப்பட வேண்டிய உடல். நின்ற உடலே போரிடும் உடல்.

3. ரைபிள் வீரர் பெற்ற விலக்கு

ரைபிளின் உட்குழலில் வெட்டப்பட்ட சுருள்பள்ளங்கள் குண்டைச் சுழலச் செய்து அதன் பாதையை நிலைப்படுத்துகின்றன. கருவி துல்லியம் பெற்றபோது அதனை ஏந்தும் உடலின் குறையும் வெளிப்பட்டது. பிரித்தானியப் படையில் ரைபிள் வீரருக்கும் இலகு காலாட்படைக்குமான ரோட்டன்பர்க் பிரபுவின் விதிநூல் 1798-இல் வெளிவந்தது. நின்றும் முழந்தாளிட்டும் படுத்தும் சுடும் முறைகளை அது படங்களுடன் விளக்கியது. 1800-இல் ரைபிள் வீரருக்கென ஒரு சோதனைப் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. பின்னர் 95-ஆம் படைப்பிரிவு எனப் புகழ்பெற்றது இதுவே. அதற்குரிய ரைபிளை வடிவமைத்த எசக்கியேல் பேக்கர், தாம் எழுதிய நூலில் மல்லாந்து படுத்துத் தோல்வாரைப் பாதத்தில் மாட்டிக்கொண்டு சுடும் நிலையையும் காட்டியுள்ளார்.

இந்நிலைகள் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1809 ஜனவரி 3 அன்று ஸ்பெயினின் ககபெலோஸ் என்னுமிடத்தில் தாமஸ் பிளங்கெட் என்ற ரைபிள் வீரர் பிரெஞ்சுத் தளபதி கோல்பேரைச் சுட்டு வீழ்த்தினார். அவர் பனிபடர்ந்த தரையில் மல்லாந்து படுத்துச் சுட்டார் என்பது படைப்பிரிவின் மரபுச் செய்தி. சுட்ட தொலைவு குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. இவ்வாய்வுக்குத் தொலைவினும் முதன்மையானது, அச்செய்தியை அப்படைப்பிரிவு பெருமையோடு போற்றிவந்தது என்பதே. படுத்துச் சுடுதல் அவர்களுக்கு இழுக்காகத் தோன்றவில்லை.

பேக்கரின் ரைபிள் குழல்வாய் வழியாக மருந்திடப்பட்டதே. எனவே படுத்த நிலைக்குப் பின்புறம் நிரப்பும் கருவி இன்றியமையாத முன்நிபந்தனை என்னும் கூற்று இங்கேயே தளர்கிறது. பச்சைச் சீருடை அணிந்த ரைபிள் வீரர் இருவர் இருவராகப் பரந்து, மரத்தையும் பாறையையும் சார்ந்து, தாமே இலக்கைத் தேர்ந்து சுட்டனர். அவர்கள் பெற்றிருந்த சிறப்பு கருவியைச் சார்ந்தது மட்டுமன்று. தாமே முடிவெடுக்கும் உரிமையையும் சார்ந்தது. செஞ்சீருடை அணிந்த வரிசை வீரனுக்கு அவ்வுரிமை இல்லை, அந்நிலையும் இல்லை.

4. ஹைத் பள்ளி: உடலைப் பாடமாக்குதல்

1849-இல் பிரெஞ்சு அதிகாரி மினியே வடிவமைத்த குண்டு, ரைபிளை விரைவாக நிரப்ப வழிசெய்தது. அக்கொள்கையில் அமைந்த 1853-ஆம் ஆண்டு என்ஃபீல்டு ரைபிள் பொதுக் காலாள் வீரனின் கைக்கு வந்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஹைத் நகரில் சுடுபயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. கர்னல் ஹே அதன் முதல் தலைவர். சுடுதல் இயற்கைத் திறமையன்று, கற்பிக்கத்தக்க கல்வி என்பது அப்பள்ளியின் அடிப்படை நம்பிக்கை.

அங்குப் பயிலுநர் உடனே சுட அனுமதிக்கப்படவில்லை. முக்காலியில் மணல்மூட்டை வைத்து அதன்மேல் ரைபிளை இருத்திக் குறிபார்க்கக் கற்றனர். தொலைவைக் கண்ணால் மதிப்பிடக் கற்றனர். தோட்டா இன்றியே உடல்நிலைப் பயிற்சியைப் பலமுறை செய்தனர். குறிபார்த்தலையும் உடல்நிலையையும் தனித்தனிப் பாடங்களாகப் பிரித்தது இப்பள்ளியின் முதன்மைப் பங்களிப்பாகும். முன்னது கண்ணின் பிழையையும் பின்னது உடலின் பிழையையும் வேறுபடுத்திக் காட்டியது.

எனினும் ஹைத் பள்ளி வகுத்த முறையில் நின்ற நிலையும் முழந்தாள் நிலையுமே முதன்மை பெற்றன. அண்மைத் தொலைவுக்கு நின்றும், நெடுந்தொலைவுக்கு முழந்தாளிட்டும் சுடுவது வழக்கமாயிற்று. குதிகாலின்மேல் அமர்ந்து இடமுழங்கையை முழங்காலில் ஊன்றும் அதன் முழந்தாள் நிலை, வரிசையில் நிற்கும் வீரனுக்கு ஏற்ற இணக்கமான தீர்வு. உறுதி ஓரளவு கூடியது, வரிசையும் குலையவில்லை.

ஹைத் முறை குடியேற்ற நாடுகளுக்கும் சென்றது. இந்தியாவில் என்ஃபீல்டு பயிற்சிக்கென டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய இடங்களில் நிலையங்கள் அமைக்கப்பட்டன. 1857 ஜனவரியில் கொழுப்புத் தடவிய தோட்டா பற்றிய ஐயம் முதலில் எழுந்தது டம்டமில்தான். தோட்டாவைப் பல்லால் கடிப்பதற்கு மாறாகக் கையால் கிழிக்கலாம் என விதி பின்னர்த் திருத்தப்பட்டும் ஐயம் நீங்கவில்லை. படைப்பயிற்சி வகுக்கும் ஒவ்வோர் அசைவும் பயில்வோனின் உடலோடு அவனது சமூகத்தையும் தொடுகிறது என்பதற்கு இந்நிகழ்வு வலிமையான சான்று.

5. பின்புறம் நிரப்பும் கருவி போதிய காரணமா?

1841-இல் பிரஷ்யா ஏற்ற டிரைசெ ஊசித்துப்பாக்கி பின்புறத்தில் நிரப்பப்பட்டது. 1866 ஜூலை 3 அன்று கோனிக்கிரேட்ஸ் போரில் அதன் பயன் வெளிப்பட்டது. பிரஷ்ய வீரர் படுத்தும் முழந்தாளிட்டும் நிரப்பிச் சுட்டனர். லோரென்ஸ் ரைபிள் ஏந்திய ஆஸ்திரியர் நின்றுகொண்டு குழல்வாயில் மருந்திட வேண்டியிருந்தது. அவர்களது படைமுறையும் நெருங்கிய அணியாகப் பாய்ந்து துப்பாக்கி முனைக்கத்தியால் தாக்குவதையே சார்ந்திருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் பெர்டனின் குறிசுடு வீரர்கள் ஷார்ப்ஸ் ரைபிளைப் படுத்தவாறே நிரப்பினர். கருவியே உடலை மண்ணில் கிடத்தியது என்னும் கருத்துக்கு இவை வலுவான சான்றுகள்.

ஆனால் பிரித்தானியப் படையின் போக்கு இதனோடு பொருந்தவில்லை. அப்படை 1866-இல் ஸ்னைடர் ரைபிளையும் 1871-இல் மார்ட்டினி-ஹென்றியையும் ஏற்றது. இரண்டும் பின்புறம் நிரப்புவன. 1888-இல் வந்த லீ-மெட்ஃபோர்டு பல தோட்டாக்களைத் தன்னுள் அடக்கியது. படுத்துச் சுடுவதற்குக் கருவியளவில் தடை எதுவும் இல்லை. எனினும் 1898 செப்டம்பர் 2 அன்று ஓம்துர்மானில் பிரித்தானிய வீரர்கள் முள்வேலி அரணுக்குப் பின்னே நெருங்கிய வரிசைகளாக நின்று கட்டளைக்கேற்ப அணிவேட்டுச் சுட்டனர். ஸ்னைடர் வந்து 32 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இதற்குச் சூழல் சார்ந்த காரணம் உண்டு என்பதை மறுக்க இயலாது. எதிர்வந்த மஹ்தி படை திறந்தவெளியில் பெருந்திரளாகப் பாய்ந்தது. நின்றவனுக்குப் பார்வை தடையின்றிக் கிடைத்தது. எதிரியின் சுடுதிறன் அஞ்சத்தக்கதாக இல்லை. அச்சூழலில் நிற்றல் அறிவுக்கு உகந்ததே. ஆனால் ஒரு வகைப் போருக்குப் பொருந்தியது எல்லாப் போருக்குமான வழக்கமாக நிலைபெற்றது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

வழக்கத்தை நிலைநிறுத்தியது கட்டுப்பாடு பற்றிய அச்சம். நின்ற வரிசையை அதிகாரி ஒரே பார்வையில் காண்பார்; அவரது குரல் அனைவருக்கும் எட்டும்; தோட்டா வீணாவதைத் தடுக்கலாம். படுத்த வீரர் பரந்து கிடப்பர். அவர்களை மீண்டும் எழுப்பி முன்செலுத்துதல் கடினம் என்று அதிகாரிகள் கருதினர். விரைந்து சுடும் கருவி இவ்வச்சத்தைக் குறைக்காமல் கூட்டியது. லீ-மெட்ஃபோர்டு ரைபிளில் பெட்டித் தோட்டாக்களைத் தடுத்து நிறுத்தி ஒவ்வொன்றாகவே நிரப்பச் செய்யும் தடுப்புத்தகடு அமைக்கப்பட்டிருந்தமை இவ்வெண்ணத்தின் பருவடிவம். நிமிர்ந்து நிற்றலே ஆண்மை, மண்ணில் கிடத்தல் கோழைமை என்ற மதிப்பீடும் இதற்குத் துணை நின்றது.

6. போட்டிக் களத்தில் விடுபட்ட உடல்

படைக்கு வெளியே நிலைமை வேறாக இருந்தது. 1859-இல் பிரித்தானியத் தேசிய ரைபிள் சங்கம் தோன்றியது. 1860 ஜூலையில் விம்பிள்டனில் நடைபெற்ற அதன் முதல் கூட்டத்தை விக்டோரியா அரசி 400 கெஜத் தொலைவு இலக்கைச் சுட்டுத் தொடங்கிவைத்தார். விட்வொர்த் ரைபிள் இரும்புத் தாங்கியில் பொருத்தப்பட்டு முன்கூட்டியே குறிவைக்கப்பட்டிருந்தது. அரசி பட்டுக்கயிற்றை மட்டும் இழுத்தார். குண்டு இலக்கின் மையத்திலிருந்து ஒன்றரை அங்குல அளவில் பட்டது. விழாவுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடாயினும், மனித உடலை நீக்கிவிட்டால் ரைபிள் எத்துணைத் துல்லியமானது என்பதை அது எல்லோர்க்கும் காட்டியது. எஞ்சிய பிழை முழுவதும் உடலுக்குரியது.

அவ்வெஞ்சிய பிழையைக் குறைப்பதே போட்டியாளரின் நோக்கமாயிற்று. நெடுந்தொலைவுப் போட்டிகளில் செயற்கைத் தாங்கலின்றி எந்நிலையிலும் சுடலாம் என்ற விதி அவர்களுக்கு உரிமை தந்தது. 1874 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்குக்கு அருகில் உள்ள கிரீட்மூரில் அயர்லாந்து, அமெரிக்கா ஆகிய அணிகள் 800, 900, 1000 கெஜத் தொலைவுகளில் மோதின. அயர்லாந்தினர் குழல்வாயில் நிரப்பும் ரிக்பி ரைபிள்களையும், அமெரிக்கர் பின்புறம் நிரப்பும் ரெமிங்டன், ஷார்ப்ஸ் ரைபிள்களையும் கையாண்டனர். அமெரிக்க அணி 934 புள்ளிகளும் அயர்லாந்து அணி 931 புள்ளிகளும் பெற்றன. அமெரிக்கரான ஹென்றி ஃபுல்டன், மல்லாந்து படுத்துக் கால்களின்மேல் குழலைத் தாங்கிச் சுட்டு, உயர்ந்த அளவான 180-க்கு 171 புள்ளிகள் எடுத்தார்.

இம்முடிவில் இரு செய்திகள் அடங்கியுள்ளன. இரு வகைக் கருவிகளுக்கும் இடையிலான வேறுபாடு 3 புள்ளிகள் மட்டுமே. மேலும், குழல்வாயில் நிரப்பும் ரைபிளைக் கொண்டோரும் ஒவ்வொரு குண்டுக்கும் எழுந்து நிரப்பினும் மீண்டும் படுத்தே சுட்டனர். உறுதியே தேவை, நேரம் போதியது, கட்டளையிடுவோர் இல்லை என்ற சூழலில் உடல் தானாகவே தரையை நாடியது. படை அதிகாரிகளோ இத்தகைய சுடுநரைப் பரிசு வேட்டையர் என இகழ்ந்தனர். போட்டிக் களத்தின் அறிவு போர்க்களத்துக்கு ஒவ்வாதது எனக் கருதப்பட்டது.

7. தென்னாப்பிரிக்கப் பாடம்

இவ்விரு உலகங்களையும் இணைத்தது 1899–1902 போயர் போர். 1880களில் பிரெஞ்சு வேதியியலாளர் வியேல் உருவாக்கிய புகையற்ற வெடிமருந்து அதற்குள் எங்கும் பரவியிருந்தது. முன்பு சுடுபவனின் இடத்தைப் புகைமண்டலம் காட்டிக்கொடுத்தது. இப்போது மறைந்து சுடுபவனைக் காணவே இயலவில்லை. போயர் வீரர் ஐந்து தோட்டாக்களை ஒருசேர நிரப்பும் 1895-ஆம் ஆண்டு மௌசர் ரைபிளைக் கொண்டிருந்தனர்.

1899 நவம்பர் 28 அன்று மோடர் ஆற்றங்கரையில் பிரித்தானியப் படை கடும் வெயிலில் பகல் முழுவதும் தரையோடு ஒட்டிக் கிடந்தது. டிசம்பர் 11 அன்று மேகர்ஸ்ஃபொன்டைனில் ஹைலாண்டு படையணி இருளில் நெருங்கிய அணியாக முன்னேறி, விடியுமுன் விரிந்து பரவத் தொடங்கிய வேளையில் சுடப்பட்டது. தளபதி வாக்கோப் மாண்டார். எஞ்சியோர் பல மணிநேரம் திறந்த வெளியில் குப்புறக் கிடந்தனர். பாவாடைச் சீருடைக்குக் கீழே முழங்காலின் பின்புறத் தோல் வெயிலில் வெந்தது. அன்று பிரித்தானியத் தரப்பில் மாண்டோரும் காயமுற்றோரும் காணாமற்போனோரும் 900-க்கு மேற்பட்டவர். அங்கு வீரர் படுத்தது பயிற்சியின் பயன் அன்று. உயிர் பிழைக்கும் தேவை. படுத்தவாறு பயன்படச் சுடுவதற்கு அவர்கள் போதிய அளவு ஆயத்தப்படுத்தப்படவில்லை.

போயர் வீரரின் உடல்நிலை நுணுக்கமானது. அவர்கள் குன்றின் உச்சியை விடுத்து, தெ லா ரே என்னும் தலைவரின் கருத்துப்படி அடிவாரத்தில் ஒடுங்கிய பதுங்குகுழிகளை வெட்டினர். குழிக்குள் நின்றவனின் முழங்கைகள் குழிவிளிம்பில் ஊன்றின. குழல் தரைமட்டத்தில் இருந்தது. நிற்றலின் பார்வையும் படுத்தலின் உறுதியும் காப்பும் ஒருங்கே கிடைத்தன. உடல்நிலையை உடலால் மட்டுமன்றி மண்ணாலும் அமைக்கலாம் என்பதை இது காட்டியது.

இப்பாடத்தைப் பிரித்தானியப் படை ஏற்றது. 1903-இல் தோட்டாக் கொத்துகளால் நிரப்பத்தக்க குறுகிய லீ-என்ஃபீல்டு வந்தது. ஹைத் பள்ளியில் 1905 முதல் 1909 வரை தலைமைப் பயிற்றுநராக இருந்த மக்மஹோன் தனிவீரனின் விரைவான, குறிபார்த்த சுடுதலை வலியுறுத்தினார். 1909-ஆம் ஆண்டுச் சுடுபயிற்சி விதிகளில் அடங்கிய விரைவுப் பயிற்சி, 300 கெஜத் தொலைவில் ஒரு நிமிடத்தில் 15 குண்டுகளைச் சுடுமாறு பணித்தது. அதற்கு விதிக்கப்பட்ட நிலை படுத்த நிலை. 1798-இல் சிறப்புப் படைக்கு மட்டும் உரியதாக இருந்த உடல்நிலை, 111 ஆண்டுகள் கழித்துப் பொதுவீரனின் தேர்வுப் பாடமாயிற்று. 1914 ஆகஸ்டில் மான்ஸ் களத்துக்குச் சென்ற படை இப்பாடத்தில் பயின்ற படையே.

இம்மாற்றத்தோடு கட்டளையின் வடிவமும் மாறியமை சுட்டத்தக்கது. 'சுடு' என்ற ஒற்றைக் குரலுக்கு மாறாக இலக்கு, தொலைவு, குண்டுகளின் அளவு ஆகியவற்றைச் சிறுபிரிவின் தலைவர் அறிவித்தார். எந்நொடியில் விசையை இழுப்பது என்பது வீரனின் தீர்ப்புக்கு விடப்பட்டது. மூச்சு அடங்கிக் குழல் நிலைபெறும் நொடியை அவன் ஒருவனே அறிவான். அணிவேட்டில் அந்நொடியை அதிகாரி தீர்மானித்தார். ஆகலின் அங்கு எவ்வளவு சிறந்த உடல்நிலையும் பாதிப் பயனையே தந்தது.

8. விளையாட்டில் எஞ்சிய மூன்று நிலைகள்

போர்முறை படுத்த நிலையை நோக்கி நகர்ந்தபோது, விளையாட்டு மூன்றையும் காத்தது. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் 300 மீட்டர் ரைபிள் பிரிவில் நின்ற நிலை, முழந்தாள் நிலை, படுத்த நிலை ஆகிய மூன்றுக்கும் தனித்தனி வெற்றியாளர் அறிவிக்கப்பட்டனர். 1952 ஹெல்சிங்கி முதல் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டி நடைபெற்று வருகிறது. அதன் இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர் மட்டுமே.

உறுதி உடல்வலிமையைச் சார்ந்ததன்று என்பதற்கு 1976 மாண்ட்ரியல் போட்டி சான்று. ஆண், பெண் இருபாலரும் கலந்துகொண்ட அப்போட்டியில் மார்கரெட் மர்டாக் 1162 புள்ளிகளுடன் லேனி பாஷமுக்கு இணையாக நின்றார். சமன்நீக்கும் விதிப்படி பாஷம் தங்கம் பெற்றார். பரிசளிப்பின்போது அவர் மர்டாக்கைத் தம்முடன் முதலிட மேடையில் ஏற்றிக்கொண்டார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் சுவப்னில் குசாலே இதே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் 451.4 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றார். நிலைமாறும் ஒவ்வொரு முறையும் உடலின் தாங்கலைப் புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டிய இப்போட்டியில், 19-ஆம் நூற்றாண்டின் பயிற்சிக் களங்கள் கண்டறிந்தவை இன்றும் செயல்படுகின்றன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன தெளிவாகின்றன.

1. படுத்துச் சுடும் நிலையின் மேன்மை 1798-ஆம் ஆண்டு விதிநூலிலேயே பதிவு பெற்றிருந்தது. குழல்வாயில் நிரப்பும் ரைபிளைக் கொண்டே அந்நிலை களத்திலும் கிரீட்மூர் போட்டியிலும் கையாளப்பட்டது. ஆகவே பின்புறம் நிரப்பும் கருவி அதற்கு இன்றியமையாக் காரணம் அன்று.

2. அக்கருவி வந்த பின்னரும் 32 ஆண்டுகள் கடந்து ஓம்துர்மானில் நின்ற வரிசையே சுட்டது. ஆகவே அது போதிய காரணமும் அன்று. கருவி இம்மாற்றத்தை எளிதாக்கியது என்று கூறுவதே பொருத்தம்.

3. எதிரியின் குண்டு நின்றவனை வீழ்த்தியதும், புகையற்ற மருந்து மறைவுக்குப் பயன் தந்ததும், தனிவீரனின் தீர்ப்பைப் படைத்தலைமை நம்பத் துணிந்ததும் ஒருங்கு கூடிய 1899–1909 காலத்திலேயே படுத்த நிலை முதன்மை பெற்றது.

உடல்நிலையின் வரலாறு கருவியின் வரலாற்றுக்குள் அடங்குவதில்லை. அது ஒரு நிறுவனம் தன்னுள் இருக்கும் கடைசி மனிதனை எவ்வளவு நம்புகிறது என்பதன் வரலாறும் ஆகும். அந்நம்பிக்கை மேகர்ஸ்ஃபொன்டைன் வெளியில் கிடந்தோருக்குப் பயன்படும் காலத்தில் வரவில்லை. நூலில் இருந்த அறிவு வீரனின் உடலை வந்தடைய எடுத்துக்கொண்ட நூறாண்டின் விலையை அவர்களே செலுத்தினர். பிற ஐரோப்பியப் படைகளின் பயிற்சி நூல்களையும், குடியேற்ற ஆட்சியின் கீழிருந்த இந்தியப் படைகளின் சுடுபயிற்சி முறைகளையும் இந்நோக்கில் ஒப்பிட்டு ஆராய்தல் மேலாய்வுக்கு உரிய களமாகும்.